இதுல யாரு இல்ல?

இணையத்தில் எந்தப் படிவத்தைத் திறந்தாலும் சரி, அம்புக்குறி போட்ட கட்டம் ஒன்று இருந்துவிட்டால் அதைத் தட்டி, கீழே விழும் பட்டியலைக் கடைசிப் பெயர் வரைக்கும் இறக்கிப் பார்க்காமல் எனக்குக் கை நகராது. ரயில் டிக்கெட் போடும்போதும் இதே கதைதான். ஏறுவது விழுப்புரம், இறங்குவது எழும்பூர், நடுவில் உனக்கென்ன வேலை என்று வீட்டில் கேட்பார்கள். இது பிறவியிலேயே வந்த வியாதி இல்லை, ஒருவரிடமிருந்து ஒட்டிக்கொண்டது.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் போன் வரும். "எதுக்கு சார் தேவையில்லாத வேலை?" என்பார். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவர். என் கீழே வேலை பார்த்தவர். இருந்தும் அவள், இவள் என்று எழுத வரவில்லை. ஏன் என்று இதைப் படித்து முடிக்கும்போது உங்களுக்குத் தெரிந்துவிடும்.

எங்கள் அலுவலகம் புதுச்சேரிக் கடற்கரையிலிருந்து நாலு தெரு உள்ளே, ஒரு ரொட்டிக்கடையின் மாடியில் இருந்தது. இப்போதும் அங்கேதான் இருக்கிறது. அப்போது என்னையும் சேர்த்து மொத்தம் ஐந்து பேர். கிளினிக், கடை, பள்ளிக்கூட வேன், சங்கம் என்று யார் கேட்டாலும் பைத்தானில் சின்னதாக ஒரு மென்பொருள் எழுதித் தருவோம். ஐந்து பேருக்கும் நான் தலைவன். தலைவன் என்றால் வாடிக்கையாளரிடம் முதலில் திட்டு வாங்குகிறவன் என்று பொருள்.

அவர் ஒரு கருநீல ஹெல்மெட்டோடு வருவார். மாடிப்படி ஏறும்போதும் அதைக் கழற்ற மாட்டார். நாற்காலியில் உட்கார்ந்து, கம்ப்யூட்டரைப் போட்டு, திரையில் வெளிச்சம் வந்த பிறகுதான் கழற்றி மேஜைக்கடியில் வைப்பார். கேட்டால், "கைல வெச்சுகினு ஏறுனா எங்கயாவது வெச்சுட்டு மறந்துடுவேன் சார்" என்பார். இத்தனைக்கும் எதையும் மறந்து நான் பார்த்ததில்லை. மத்தியானச் சாப்பாடு பெரும்பாலும் கீழ்க்கடை நீள ரொட்டியில் பாதி, வீட்டிலிருந்து கொண்டுவந்த மீன் குழம்பு. ரொட்டியைக் குழம்பில் தோய்த்துத் தின்றபடியே திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். விசைப்பலகையில் மட்டும் ஒரு சொட்டு விழாது.

அவரிடம் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. எந்தப் பட்டியலைக் காட்டினாலும், மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்துவிட்டு, "இதுல யாரு இல்ல, சார்?" என்பார். இதில் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பதுதானே ஊர் வழக்கம்? அவருக்கு இல்லாதவர்மேல்தான் கண்.

என் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு அழைக்க வேண்டியவர்கள் பெயரை ஒரு தாளில் எழுதி மேஜைமேல் வைத்திருந்தேன். அந்தப் பக்கம் தண்ணீர் குடிக்கப் போனவர் நின்று பார்த்துவிட்டு அதே கேள்வியைக் கேட்டார். எனக்கு எரிச்சல். "என் சொந்தக்காரங்க உனக்கு எப்படிம்மா தெரியும்?" என்றேன். "எனக்குத் தெரியாது சார். உங்களுக்குத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீரைக் குடித்தார். சாயங்காலம் வீட்டுக்குப் போகும் வழியில் வண்டியை ஓரம் கட்டி யோசித்தேன். என் தாய்மாமனை எழுதவில்லை. கூப்பிடாமல் விட்டிருந்தால் இந்த ஜென்மத்துக்கு அவர் என் வீட்டுப் படி ஏறியிருக்க மாட்டார். என் அம்மாவும் என்னை விட்டுவைத்திருக்க மாட்டார்.

வேலையிலும் இதே கதைதான். அவர் வந்த புதிதில் ரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றுக்குப் பதிவுப் படிவம் செய்துகொண்டிருந்தோம். குடியுரிமை என்ற கட்டத்தில் இந்தியர், மற்றவை என்று இரண்டே இரண்டை நானே புரோகிராம் கோடுக்குள் கையால் எழுதியிருந்தேன். படிவம் ஓடத் தொடங்கிய அன்று, அவர் அந்தக் கூடத்துக்குப் போய் வரவேற்பு மேஜைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு அரை நாள் உட்கார்ந்திருந்தார். எழுதிய படிவத்தை யார் நிரப்புகிறார்கள் என்று போய்ப் பார்ப்பது அவர் வழக்கம். எனக்கு அது நேர விரயம்.

அங்கே ஒரு பெரியவர் வந்திருக்கிறார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற சிப்பாய், எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்தா. பதிவு செய்த பெண் அவருடைய குடியுரிமையைக் கேட்டுவிட்டு "மற்றவை" என்பதைத் தட்டினாள். பெரியவர் திரையை எட்டிப் பார்த்தார்.

"நான் மத்தவையாம்மா? இந்தத் தெருவுல பொறந்தவன் நான். பிரான்ஸ்காரன்னு எழுது, ஒத்துக்கறேன். இந்த ஊர்க்காரன்னு எழுது, அதுவும் சரி. மத்தவைன்னா இன்னா? ஆடா, மாடா?"

மத்தியானம் அலுவலகத்துக்குத் திரும்பியவர் ஹெல்மெட்டோடு உட்கார்ந்து நான் எழுதிய இரண்டு சொற்களையும் அழித்தார். நாடுகளுக்கென்று டேட்டாபேஸில் தனி டேபிள், அதாவது தனி அட்டவணை, போட்டார். பட்டியல் அங்கிருந்து வந்து படிவத்தில் விழும்படி செய்தார். புதிதாக ஒரு பெயர் வேண்டுமென்றால் கூடத்துக்காரர்களே சேர்த்துக்கொள்ளலாம், நம்மைக் கூப்பிட வேண்டாம்.

"கோடுக்குள்ள பேர் எழுதாதீங்க சார். கோடு நம்முளுது. பேரு அவங்களுது" என்றார்.

அடுத்த மாதம் பரிசோதனைக்கு வந்த பெரியவர் திரையைத் திருப்பச் சொல்லிப் பார்த்துவிட்டு, "மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி சொல்லிப் போனாராம். என்னிடம் அதைச் சொல்லும்போது நம்மவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் வேறு எதற்கும் பார்த்ததில்லை.

ஒருநாள் பொறுமை போய் நான் கத்தியிருக்கிறேன். பள்ளிக்கூட வேன் ஒன்றுக்கு நிறுத்தங்களின் பட்டியல் வேண்டும். பள்ளிக்காரர்கள் கொடுத்ததைப் போட்டால் முடிந்தது. இவர் வேனில் ஏறி இரண்டு நாள் சுற்றிவிட்டு வந்து, மூன்று நிறுத்தம் விட்டுப்போயிருக்கிறது என்றார்.

"ஒரு ஊர் பேர் விட்டுப்போனா உலகம் அழிஞ்சிடுமாம்மா?"

"உலகம் அழியாது சார். எனக்கு ஒரு வருஷம் போச்சு."

அப்போதுதான் சொன்னார். அவருடைய ஊர் பாகூர் தாண்டி, எல்லையில் இருக்கிறது. தெருவுக்கு இந்தப் பக்கம் புதுச்சேரி, அந்தப் பக்கம் தமிழ்நாடு. பள்ளிப் படிப்பு முடித்துக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டபோது, மாநிலத்தில் புதுச்சேரி என்று தட்டினால் ஊர்ப் பட்டியலில் அவர் ஊர் இல்லை. தமிழ்நாடு என்று தட்டினாலும் இல்லை. ஊரைத் தேர்ந்தெடுக்காமல் படிவம் நகராது. பக்கத்து ஊரைப் போட்டால் சான்றிதழோடு பொருந்தாது என்று பயம். யாரைக் கேட்பது என்று தெரியாமல் அலைந்ததில் கடைசி நாள் போய்விட்டது. அந்த வருடம் முழுக்க ஒரு பிரவுசிங் சென்டரில் மற்றவர்களுக்குப் படிவம் நிரப்பித் தரும் வேலை பார்த்தாராம். "நல்லாத்தான் இருந்துச்சி சார், நிறைய படிவம் பார்த்தேன்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று நிறுத்தங்களையும் சேர்க்கச் சொன்னேன்.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன்.

வைத்திக்குப்பம் பக்கத்தில் படகுக்காரர்கள் ஒரு சிறு சங்கம் வைத்திருந்தார்கள். எந்தப் படகு கடலுக்குப் போயிருக்கிறது, எது திரும்பியிருக்கிறது என்று பதிய ஒரு படிவம் வேண்டும் என்றார்கள். விடியுமுன் படகு இறங்கும்போது மல்லிகா என்ற பெண் கையில் டேப்லெட்டோடு கரையில் நிற்பார். பட்டியலில் படகைத் தேர்ந்தெடுத்து, எத்தனை பேர் போகிறார்கள் என்று போடுவார். பிறகு மார்க்கெட்டுக்கு மீன் விற்கப் போய்விடுவார். படகு திரும்பியதும் சங்கத்துச் செயலாளர் அதே டேப்லெட்டில் டிக் அடிப்பார். காற்று எழும்பினால் இன்னும் யார் வெளியே இருக்கிறார்கள் என்று ஒரு பார்வையில் தெரியும். எல்லோரும் வந்துவிட்டால் திரை பச்சையாகிவிடும்.

பட்டியலுக்காக நம்மவர் நாலு நாள் கரைக்குப் போனார். அங்கேதான் தெரிந்தது, அங்காளம்மன் துணை என்று பெயர் எழுதிய படகு மட்டும் மூன்று. பட்டியலில் ஒரே பெயர் மூன்று முறை வந்தால் மல்லிகா எதைத் தட்டுவார்? செயலாளர் பதிவு எண்ணைப் போடச் சொன்னார். பதிவு எண்ணைச் சொல்லிக் கரையில் யாரும் படகைக் கூப்பிடுவதில்லை. இவர் மீன் விற்கும் பெண்கள் நடுவே மணலில் போய் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு படகாகக் காட்டிக் கேட்டார்.

"இது யாரு படகுக்கா?"

"அதுவா? செல்வி வூட்டுக்காரரு படகு."

"அந்தப் பச்சை?"

"அது பெரியவன் படகு. தம்பிக்காரன் ஒருத்தன் இருக்கறான், அவனும் புதுசு வாங்கறேன்னு சொல்லிகினு கீறான்."

பெயிண்டில் எழுதிய பெயர் ஒன்று, கரையில் கூப்பிடும் பெயர் இன்னொன்று. டேபிளில் இரண்டுக்கும் இடம் வைத்தார். பட்டியலில் கரைப்பெயர் தெரியும். உள்ளே டேட்டாபேஸில் படகின் எண் பதியும். அறுபத்தொரு படகு. மல்லிகா முதல் நாள் பட்டியலைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அட, நம்ம பேசற மாரியே இருக்குது!" என்றாராம்.

இரண்டு மாதம் நன்றாக ஓடியது. ஐப்பசி மாதம், தங்கை கல்யாணத்துக்கு அவர் வெள்ளியும் சனியும் லீவு போட்டார். வெள்ளிக்கிழமை செயலாளர் எனக்குப் போன் செய்தார். பட்டியல் அகர வரிசையில் வந்தால் வசதி என்றார். சின்ன வேலை. நானே உட்கார்ந்தேன். உட்கார்ந்தவன் அதை மட்டும் செய்துவிட்டு எழுந்திருக்கலாம். அவர் எழுதிய கோடு எனக்கு நீட்டி முழக்கியதாகப் பட்டது. படிவத்தை யார் திறந்தாலும், ஒவ்வொரு முறையும் டேட்டாபேஸிடம் போய்ப் படகுப் பெயர்களைக் கேட்டு வாங்கி வருவதாக எழுதியிருந்தார். எதற்கு இத்தனை முறை? அந்த வரியைத் தூக்கிப் படிவத்தின் தலையில் வைத்தேன். கோடு பத்து வரி குறைந்தது. எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

பைத்தானில் ஒரு சங்கதி உண்டு. அந்த வரியைப் படிவத்தின் தலையில் வைத்தால், சர்வர் விழித்துக்கொள்ளும்போது ஒரே ஒருமுறைதான் அது டேட்டாபேஸைப் பார்க்கும். அப்போது கிடைத்த பெயர்களை வைத்துக்கொண்டே நாள் கணக்கில் உட்கார்ந்திருக்கும். அதன் பிறகு எத்தனை படகு சேர்த்தாலும் பட்டியலுக்குத் தெரியாது. இதை எந்தப் புதுப் பையனும் சொல்லுவான். எனக்கும் தெரியும். தெரிந்துதான் புதிதாக ஒரு பெயரைச் சேர்த்துப் பார்த்தேன்; பட்டியலில் வந்தது. என் மேஜையில் இருக்கும் கம்ப்யூட்டரில் கோடை ஒருமுறை சேமித்தாலே சர்வர் தானாக மறுபடி விழித்துக்கொள்ளும் என்பதை மட்டும் மறந்துவிட்டேன். சாயங்காலம் உண்மையான சர்வரில் ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

திங்கட்கிழமை காலையில் எழுந்தபோது போனில் மல்லிகாவின் தவறிய அழைப்பு ஒன்று இருந்தது. விடியுமுன் வந்தது. அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று பல் விளக்கப் போனேன்.

பத்தரை மணிக்கு அவர் வந்தார். கையில் மருதாணி. வெளியே ஜன்னல் கதவு காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. நான் பெருமையாகச் சொன்னேன், "உன் கோடைக் கொஞ்சம் சுருக்கி வெச்சிருக்கேன், பாரு." உட்கார்ந்தார். திரையில் வெளிச்சம் வந்தது. ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

"புதுசா படகு சேர்த்தா வருதா சார்?"

"வருதே. பார்த்துட்டுத்தான் ஏத்தினேன்."

"எங்க பார்த்தீங்க? உங்க மிஷின்லயா?"

நான் பதில் சொல்வதற்குள் டேட்டாபேஸைத் திறந்துவிட்டார். டேபிளில் அறுபத்திரண்டு படகு. இன்னொரு பக்கம் சங்கத்துப் படிவத்தைத் திறந்து பட்டியலைக் கடைசி வரை இறக்கினார். அறுபத்தொன்று. இல்லாதது 'சின்னவன் படகு'. சனிக்கிழமை சங்கத்தார் சேர்த்தது. கடலுக்குப் போன பதிவுகளைத் தேடினார். சின்னவன் படகின் எண் எங்குமே இல்லை.

"அப்ப போகலைன்னுதானே அர்த்தம்?" என்றேன்.

"சனிக்கிழமை புதுப் படகு பதிஞ்சவன் திங்கக்கிழமை வூட்ல உட்காந்திருப்பானா சார்?"

மல்லிகாவுக்குப் போன் போட்டார். மார்க்கெட் இரைச்சலுக்கு நடுவே மல்லிகா கத்துவது எனக்கும் கேட்டது. "சின்னவன் படகு லிஸ்ட்ல வரலம்மா. உங்க சாருக்கு அடிச்சேன், எடுக்கல. படகு நிக்குமா? அவங்க அண்ணன் பேர்ல போட்டு அனுப்பிட்டேன். மூணு பேரு."

அண்ணன் படகைத் தேடினார். அது திரும்பிவிட்டதாக ஒன்பதே முக்காலுக்கு டிக் ஆகியிருந்தது. திரை முழுக்கப் பச்சை. உடனே செயலாளருக்கு அடித்தார்.

"இன்னாம்மா? காத்து எழும்புதுன்னு எல்லாத்தையும் திருப்பிக் கூப்ட்டாச்சி. அல்லாம் ஏறிடுச்சி. பச்சை காட்டுதே."

"பெரியவன் படகு வந்ததை நீங்க கண்ணால பார்த்தீங்களாண்ணா?"

"மணல்லதானே கெடக்குது. பார்த்துட்டுத்தான் டிக் அடிச்சேன்."

"அதுல இஞ்சின் இருக்குதா, போய்ப் பாருங்க."

போனில் காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. செயலாளர் நடந்து போய்ப் பார்த்திருக்க வேண்டும். திரும்பிப் பேசியபோது குரல் வேறு மாதிரி இருந்தது. "இல்லம்மா. இஞ்சின் இல்ல. அத்தக் கழட்டிகினு அவன் நம்மூரு மேட்டுப்பாளையம் பட்டறைக்குப் போயிட்டானாம்."

அண்ணன் படகு அன்று கடலுக்கே போகவில்லை. அதன் பெயரில் போனது தம்பியின் படகு. அது திரும்பவில்லை.

நான் ஒரு நாள் முழுக்கப் பார்த்துப் பார்த்து அழகுபடுத்திய கோடு. எனக்கு அதில் ஒன்றும் தெரியவில்லை. அவர் ஒரு நிமிடம் பார்த்தார், மூன்று பேர் கடலில் இருப்பது அவருக்குத் தெரிந்துவிட்டது.

"சர்வரை ரீஸ்டார்ட் பண்ணுங்க சார். நான் கரைக்குப் போறேன்" என்று படியிறங்கிவிட்டார். ரீஸ்டார்ட் செய்தேன். பட்டியலைத் தட்டினேன். சின்னவன் படகு சாதுவாக வந்து தன் இடத்தில் நின்றது. அரை நிமிட வேலை. நானும் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

நான் கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது இரண்டு படகுகள் தேடப் போயிருந்தன. தம்பியின் மனைவி கையில் போனோடு நின்றிருந்தார். காற்று அடித்தால் சிலர் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்துக்குப் போய்விடுவார்கள், புருஷனும் அங்கே போயிருப்பார் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். இப்போது நம்மவர் அவர் பக்கத்தில் நின்றிருந்தார். தலையில் ஹெல்மெட், முழங்கால் வரை ஈரம். தோளைத் தொட்டுக்கொண்டு நின்றார், அவ்வளவுதான்.

செயலாளர் என்னைப் பார்த்ததும் வந்தார். "யாரு செஞ்ச தப்பு சார் இது? மிஷினா, மல்லிகாவா?"

என் வாய் திறக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். திறக்கவில்லை.

"எங்க ஆபீஸ் தப்புண்ணா. மல்லிகாக்கா மேல ஒண்ணும் இல்ல" என்றார் அவர், கடலைப் பார்த்தபடியே.

மத்தியானம் ஒரு மணிக்குச் சங்கத்துக்குத் தகவல் வந்தது. வீராம்பட்டினத்துக்குக் கிழக்கே, இஞ்சினில் தண்ணீர் புகுந்து, அலை தள்ளிக்கொண்டு போனபடி கிடந்திருக்கிறார்கள். அவர்களிடம் இருந்த ஒரே போனும் நனைந்துபோயிருந்தது. இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் கண்டுபிடித்திருக்க முடியாது என்று தேடிப் போனவர்கள் சொன்னார்கள். கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். மூன்று பேரும் மணலில் இறங்கியபோது அந்தப் பெண் புருஷனை நாலு அடி அடித்தார். அப்புறம்தான் அழுதார். எனக்கும் கண்ணில் நீர் நிற்கவில்லை. பக்கத்தில் பார்த்தேன், நம்மவர் மணலில் உட்கார்ந்து அன்றைக்கு முதல்முறையாக ஹெல்மெட்டைக் கழற்றியிருந்தார்.

அலுவலகம் திரும்பியதும் ஈரத்தோடேயே உட்கார்ந்து, நான் தலையில் வைத்த வரியை எடுத்துப் பழைய இடத்தில் வைத்தார். "சாப்ட்டீங்களா சார்?" என்று கேட்டார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மறுநாள் சின்னவன் ஒரு பையில் சங்கரா மீனோடு மாடியேறி வந்தார். மீனை நம்மவரிடம் கொடுத்துவிட்டு, பட்டியலைப் பார்க்க வேண்டும் என்றார். திறந்து காட்டினோம். தன் படகின் பெயரைத் திரையில் விரலால் தொட்டு, "இதானா நானு?" என்று கேட்டுச் சிரித்தார். அப்போதுதான் எனக்கு வாய் திறந்தது. நான்தான் செய்தேன் என்று சொன்னேன். சின்னவன் என் பக்கம் திரும்பினார்.

"வந்துட்டோம்ல சார். வுடுங்க" என்றார்.

விடத்தான் முடியவில்லை.

அடுத்த இரண்டு வருடமும் அவர் எங்களோடு இருந்தார். கரைக்கு மாதம் ஒருமுறை போய்வந்தார். நானும் கூடவே போகத் தொடங்கினேன். மணலில் உட்கார எனக்கு முட்டி ஒத்துழைக்காது என்பதால், கவிழ்த்துப் போட்ட மீன் கூடைமேல் உட்காருவேன். மல்லிகா அதற்காகவே ஒரு கூடை எடுத்து வைப்பார். பிறகு நம்மவருக்குக் கல்யாணம் நிச்சயமாகி, வேறு ஊருக்குப் போக வேண்டி வந்தது.

கடைசி நாள் பிரியாணி, கேக், பேச்சு எல்லாம் முடிந்தது. நான் பேச எழுந்து, கேக் நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிட்டேன். சாயங்காலம் எல்லோரும் கலைந்த பிறகு என்னைத் தன் கம்ப்யூட்டருக்குக் கூப்பிட்டார்.

எங்கள் அலுவலகத்துக்கென்று நாங்களே எழுதிய படிவம் ஒன்று உண்டு. எந்த வேலை யாருடையது என்று தேர்ந்தெடுப்பது. அதில் ஊழியர் பட்டியல் இருக்கும். அந்தப் பட்டியலை முதலில் எழுதியவரும் அவர்தான். டேபிளைத் திறந்து, தன் பெயருக்கு நேரே பணியில் இருக்கிறார் என்ற டிக்கை அவரே எடுத்தார்.

"நான் எடுக்க மாட்டேனாம்மா? ஒரு வாரம் போகட்டுமே" என்றேன்.

"இல்லாத ஆளை லிஸ்ட்ல வெச்சிருக்கறதும் தப்புதான் சார். யாராவது என் பேர்ல வேலையைப் போட்டுட்டு வருவேன்னு காத்துகினு இருப்பாங்க."

படிவத்தைத் திறந்தார். பட்டியலைத் தட்டினார்.

"பாருங்க சார், ரீஸ்டார்ட் பண்ணாமயே என் பேரு போயிடுச்சி" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனார். ஸ்கூட்டி கிளம்பும் சத்தம் கேட்டது. நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பட்டியலைக் கடைசி வரைக்கும் இறக்கிப் பார்த்தேன். நாலு பெயர். இதில் யார் இல்லை என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.